பாலும் படப்பிடிப்பும்

அன்புள்ள ஐயா,

ஜான் வெய்ன் செங்கிஸ்கானாக நடித்த ‘தி கான்குவரர்’ பற்றிய காணொளி ஒன்றைக் கண்டேன். அணுகுண்டுத் தூசி படிந்த இடத்தில் படமெடுத்ததால், குழுவின் 220 பேரில் 91 பேருக்குப் புற்றுநோய் வந்ததாம். வெய்னைக் கொன்றது அந்தப் படம்தானா? படம் பார்க்கத் தகுந்ததா?

செ.

அன்புள்ள செ.,

படம் பார்க்கத் தகுந்ததல்ல. வெய்ன் நாளொன்றுக்குப் பல பாக்கெட் சிகரெட் பிடித்தவர். 1964இல் ஒரு நுரையீரலை இழந்து, 1979இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். எது காரணம் என்று இனி எவராலும் சொல்ல முடியாது. 91 என்பது 1980இல் ஒரு வார இதழ் எடுத்த கணக்கு. அமெரிக்கர்களில் பத்துக்கு நால்வருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு புற்றுநோய் வருகிறது என்பதையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

முன்பொருமுறை ஒரு கல்லூரியில் நானும் இக்கதையைச் சொன்னேன். தயாரிப்பாளர் ஹோவர்டு ஹியூஸ் அந்த மண்ணில் 60 டன்னை ஹாலிவுட்டுக்கு அள்ளிச்சென்றதைச் சொன்னபோது அரங்கமே உச்சுக்கொட்டியது. அந்த மண்ணிலேயே குடியிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை என்பதால் எழும் கோபத்தில் பாதி என்மீதே.

ஊர், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செயின்ட் ஜார்ஜ். 1953 மே 19 அன்று, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் நெவாடாவில் சோதனைக்காக வெடித்த ‘ஹாரி’ என்ற 32 கிலோடன் அணுகுண்டின் தூசி அவ்வூரின்மேல் இறங்கியது. படக்குழு வந்ததோ 1954இல். இடைப்பட்ட ஓராண்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தூசியில் இருந்த கதிரியக்க அயோடின்-131 எட்டு நாளுக்கொரு முறை பாதியாகக் குறைவது. ஆகவே நடிகர்கள் வந்திறங்கியபோது அது அநேகமாகத் தீர்ந்திருந்தது. தீரும் முன்னர் அது புல்லில் படிந்து, புல்லைத் தின்ற பசுவின் மடிக்குப் போய், பாலாகிக் குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. மெல்லத் தேய்வதால் மண்ணில் எஞ்சிய கதிரியக்கச் சீசியமும் ஸ்ட்ரான்சியமும்தான் நடிகர்களுக்கு வாய்த்தவை. முதல் வாரத்துப் பாலைக் குடித்தவர்கள் வேறு. அவ்வாண்டில் ஆயிரக்கணக்கில் செத்த ஆடுகளுக்காக வழக்காடியவர்கள் 1956இல் தோற்றார்கள். மனிதர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது: 50,000 டாலர். 2024இல் அதுவும் காலாவதியாக விடப்பட்டு, மறு ஆண்டு 1,00,000 டாலராக உயிர்பெற்றது.

என் பேச்சை மீறிப் படத்தைப் பார்ப்பீர்களானால், வெய்னை விட்டுவிட்டு, மங்கோலியர்களாக உடன் வரும் குதிரைக்காரர்களைப் பாருங்கள். அவர்களில் பலர் அவ்வட்டாரத்துப் பையூட் பழங்குடியினர். அந்த 220இல் அவர்கள் இல்லை.