அவர் கண்ட பருந்து

மதிப்பிற்குரிய ஐயா,

நான் தென்மாவட்டம் ஒன்றில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றியுள்ள குளங்களில் பறவை பார்க்கும் பதினான்கு பேர் கொண்ட ஒரு குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வங்கி ஊழியர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், உரக்கடைக்காரர், மாணவிகள் என்று பலரும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தபின், அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகும் வழியில் டீக்கடையில் பேச்சு முற்றிவிட்டது. கட்சியில் தொடங்கி மதத்திலும் சாதியிலும் போய் நின்றது. அன்று யாரும் குளத்துக்குப் போகவில்லை. பிறகு மூத்தவர் ஒருவர் ‘இனி பறவை மட்டும்தான், அரசியல் கூடாது’ என்று விதி போட்டார். அதற்குப் பிறகும் நிலைமை சரியாகவில்லை. 2025 பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஒரே குளத்தின் இரு கரைகளில் இரண்டு அணியாக நின்று எண்ணினோம்.

எதிர்த்தரப்பில் இருக்கும் அண்ணன் ஒருவரால் எனக்குப் பெரிய மனக்கசப்பு. குழுவின் பறவைப் பட்டியலைத் தொகுப்பவன் நான். அவர் ஒரு புல்வெளியில் வெளிறிய பூனைப்பருந்தின் பெட்டையைப் பார்த்ததாகக் குறிப்பு தந்தார். அதை நான் சேர்க்கவில்லை. கண் முன்னால் நடக்கும் அநியாயமே தெரியாதவருக்குப் பருந்தின் கழுத்துப் பட்டை மட்டும் எப்படித் தெரியும்?

என் கேள்வி இதுதான்: பொழுதுபோக்குக் குழுக்களில் அரசியல் பேசக் கூடாது என்ற விதி சரியா? நான் இந்தக் குழுவில் தொடரலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாட்கள் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன். ஒருவர் தன் கண்ணால் கண்டதாகச் சொல்வதை நாம் எப்போது ஏற்கிறோம், எப்போது மறுக்கிறோம் என்பதைப் பற்றிச் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து தொட்டது.

உங்கள் கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ‘பறவை மட்டும்’ என்ற விதி நல்லெண்ணத்தில் போடப்பட்டது, ஆனால் நிற்காது. குளத்தில் மண் அள்ளுகிறார்கள், நீர்வரத்துக் கால்வாயை மறித்துக் கட்டடம் எழுப்புகிறார்கள் என்றால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க நீங்கள்தான் போயாக வேண்டும். அன்று ஆளுங்கட்சியில் நாலு பேரைத் தெரிந்தவரும் வேண்டும், எதிர்க்கட்சியில் நாலு பேரைத் தெரிந்தவரும் வேண்டும். 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது, அதை எதிர்த்தவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தவர்களாகவா இருந்திருப்பார்கள்? யார் வென்றது நாட்டுக்கு நல்லது என்ற உங்கள் நீண்ட பத்தியை நான் இங்கே வெளியிடவில்லை, அதற்குப் பதிலும் சொல்லப்போவதில்லை. ஒருவருடைய பிறப்பையும் வழிபாட்டையும் பழித்துப் பேசியது கருத்து வேறுபாடு ஆகாது. பேசியவர் எந்தத் தரப்பாக இருந்தாலும், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்த அந்தப் பருந்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

‘கண் முன்னால் நடக்கும் அநியாயமே தெரியாதவருக்கு’ என்ற அந்த வாக்கியம் மேடையில் கைதட்டல் வாங்கும். ஒரு ஆசிரியர் எழுதக்கூடிய வாக்கியம் அது இல்லை. வெளிறிய பூனைப்பருந்தின் பெட்டையையும் மாண்டேகு பூனைப்பருந்தின் பெட்டையையும் பறக்கும்போது பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். கழுத்தைச் சுற்றி ஓடும் வெளிர் பட்டையையும், அதற்குப் பின்னால் கருத்திருக்கும் கழுத்தின் பக்கங்களையும், முகத்தின் கோலத்தையும், இறகின் அடிப்புறத்தையும் சில விநாடிகளுக்குள் பார்த்தாக வேண்டும். ஆகவே அவரிடம் கேட்பதற்கு உங்களுக்கு நல்ல கேள்விகள் இருந்தன. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது? எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? கழுத்தின் கருமை எதுவரை இருந்தது? படம் உண்டா? கூட யார் இருந்தார்கள்? இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவர் யாருக்கு வாக்களித்திருப்பார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, அதையும் உங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, குறிப்பை நீக்கிவிட்டீர்கள்.

எனக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தமிழாசிரியர். தீவிரமான கட்சிக்காரர். தேர்தல் காலத்தில் தெருமுனைக் கூட்டங்களில் பேசுவார். தன் கட்சியின் மீது எந்தக் குற்றச்சாட்டு வந்தாலும், ஆதாரத்தையே கையில் கொடுத்தாலும், ஒப்புக்கொள்ள மாட்டார். அந்த வயதில் நான் அவருக்கு நேர் எதிரான அணியின் ஆதரவாளன். ஒரு சட்டமன்றத் தேர்தலுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது. ஆனால் ஜனவரியில் குளத்துக்குப் போவது மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் பெருங்கூட்டத்தை ஒரு ஆள் தனியாக எண்ண முடியாது. ஒருவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் பத்துப் பத்தாக எண்ணிச் சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். எழுதுகிறவனுக்கு நோட்டைத் தவிர எதுவும் தெரியாது. சொல்கிறவரின் சொல்லை அவன் அப்படியே ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

அன்று அவர் ஊசிவால் வாத்துக்களை எண்ணிக்கொண்டிருந்தார். வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் எண்களை மட்டும் சொன்னார், நான் எழுதினேன். நானூறைத் தாண்டிய பிறகு திடீரென்று நிறுத்தி, ‘எல்லாவற்றையும் அடித்துவிடு. நடுவில் ஒரு கூட்டம் எழுந்து மறுபக்கம் போய் இறங்கியது. அதை இரண்டாவது முறையும் எண்ணிவிட்டேன் என்று நினைக்கிறேன்’ என்றார். பிறகு முதலிலிருந்து தொடங்கினார். வெயில் ஏறிவிட்டது, இருவருக்கும் பசி. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. மேடையில் தன் தரப்பின் ஒரு பிழையையும் ஒப்புக்கொள்ளாத மனிதர், பார்த்து மெச்ச யாரும் இல்லாத குளக்கரையில், தன்னுடன் பேசாத ஒரு பையனிடம், தன் கணக்கு தவறு என்று தானாகவே சொன்னார்.

அவருடைய அரசியலைப் பற்றிய என் கருத்து அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. ஆனால் ஒரு மனிதரின் நேர்மை அவருடைய எல்லாக் காரியங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதை அங்கே பார்த்தேன். கட்சி விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்கிற ஒருவர் வாத்துக்களின் முன்னால் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம். அரசியலில் நம் மனதுக்கு உகந்தபடி பேசுகிற ஒருவர், பட்டியல் நீள வேண்டும் என்ற ஆசையில், காணாத பறவையைக் கண்டதாக எழுதலாம். இதில் இரண்டாவது ஆளைத்தான் நாம் ஒருபோதும் சந்தேகிப்பதில்லை. அதன் விலை என்ன என்பதற்குப் பறவையியல் வரலாற்றில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

கர்னல் ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1937-இல் ஆப்கானிஸ்தானுக்கு அவரும் இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலியும் சேர்ந்து பறவை சேகரிக்கப் போனார்கள். அந்தப் பயணத்தின்போது அவர் தன் நாட்குறிப்பில் சாலிம் அலியைப் பற்றிக் கடுமையாக எழுதினார்: சேகரிப்பதைத் தவிர வேறெந்த வேலைக்கும் ஆகாதவர், நாளைக்கே ஆங்கிலேயரை வெளியேற்றிவிட்டு நாட்டைத் தானே ஆளத் தயாராக இருக்கிறார் என்ற பொருளில். விடுதலை வேண்டும் என்று கருதிய ஒரு இந்தியரும், இந்தியர்களுக்கு ஆளத் தகுதியில்லை என்று கருதிய ஒரு ஆங்கிலேயரும் ஒரே முகாமில் இருந்தார்கள். உங்கள் டீக்கடைச் சண்டையைவிட ஆழமான பிளவு அது. சாலிம் அலி என்ன செய்தார் தெரியுமா? 1985-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில், தன்னைப் பழிக்கும் அந்த நாட்குறிப்பு வரிகளைத் தானே எடுத்து அச்சிட்டார். வாசகர் படித்துவிட்டுத் தாமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும் அளவுக்கு அவருக்குத் தன் மேல் உறுதி இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. மைனெர்ட்ஸ்ஹாகன் 1967-இல் இறந்த பிறகு, அவர் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த ஏறத்தாழ 20,000 பறவை மாதிரிகளில் பலவும் மோசடி என்று தெரியவந்தது. பிறர் சேகரித்தவற்றைத் திருடி, மாதிரியோடு இருக்கும் விவரச் சீட்டை மாற்றி, வேறு இடமும் நாளும் எழுதி, தன் பெயரில் சேர்த்திருக்கிறார். மத்திய இந்தியக் காடுகளில் வாழும் ஒரு சிற்றாந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1873-இல் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் விவரித்த இனம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அதே ஹ்யூம்தான் என்பதையும் உங்கள் மூத்தவரின் விதியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். 1884-க்குப் பிறகு அந்த ஆந்தை கிடைக்கவில்லை. ஆனால் 1914-இல் குஜராத்தின் மாண்ட்வியில் தான் ஒன்றைச் சேகரித்ததாக மைனெர்ட்ஸ்ஹாகனின் சீட்டு சொன்னது. அந்தச் சீட்டு பொய், அது வேறொருவர் முன்பே சேகரித்த பறவை என்று பமீலா ராஸ்முசன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். பொய்க் குறிப்பை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான குறிப்புகள் காட்டிய வழியில் அவரும் தோழர்களும் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே அந்த ஆந்தை உயிரோடு கிடைத்தது.

அருங்காட்சியகத்தில் மைனெர்ட்ஸ்ஹாகன் மீது வெகு காலமாகவே சந்தேகம் இருந்தது, ஒரு கட்டத்தில் பறவைப் பிரிவுக்குள் வரவிடாமல் தடுத்தும் வைத்தார்கள். இருந்தும் அவருடைய சீட்டுகள் இத்தனை ஆண்டுகள் நின்றதற்குக் காரணம், அவர் கர்னல், செல்வர், நம்மவர் என்ற மதிப்புதான் என்பது என் எண்ணம். குறிப்பைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஆளைப் பார்த்தார்கள். நீங்கள் செய்ததும் அதே தவறு, திசை மட்டும் வேறு. ஆளைப் பார்த்து அவர்கள் பொய்யை உள்ளே விட்டார்கள், ஆளைப் பார்த்து நீங்கள் உண்மையாக இருக்கக்கூடிய ஒன்றை வெளியே தள்ளினீர்கள்.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பூனைப்பருந்துகள் குளிர்காலத்தில் நம் தென்மாவட்டங்களின் திறந்த புல்வெளிகளுக்கு வந்து, இரவில் தரையில் கூட்டமாக அடைகின்றன. அந்த நிலங்கள் நம் ஆவணங்களில் தரிசு என்றும் புறம்போக்கு என்றும் எழுதப்பட்டிருக்கின்றன. நாளை அங்கே சூரிய மின்நிலையமோ மனைப்பிரிவோ வருகிறதென்றால், ‘இங்கே இந்தப் பறவை வருகிறது’ என்று காட்ட உங்கள் பட்டியலைத்தான் எடுப்பார்கள். அதில் அந்த வரி இருக்காது. அண்ணன் எந்தக் கட்சி என்பது அன்று யாருக்கும் நினைவிருக்காது, நிலமும் இருக்காது.

பொங்கல் கணக்கெடுப்பிலும் இதேதான் நடந்திருக்கிறது. இரு கரைகளிலும் இரு அணிகள் பேசிக்கொள்ளாமல் நின்றால், இந்தக் கரையிலிருந்து எழுந்து அந்தக் கரையில் இறங்கும் நத்தைகுத்தி நாரைகளை இருவரும் எண்ணுவீர்கள். இரண்டு பட்டியலையும் கூட்டினால் குளத்தில் இல்லாத நாரைகள் காகிதத்தில் இருக்கும். ‘இப்போது ஒரு கூட்டம் உங்கள் பக்கம் வருகிறது’ என்று ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது. அந்த அழைப்பைச் செய்ய முடியாத அளவுக்கு உங்களில் யாருக்கும் அப்படி என்ன அவமானம் நேர்ந்துவிட்டது? படித்தவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவர்கள், உங்களைப் பார்த்து இரண்டு மாணவிகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காலையில் எந்தக் கரையில் நின்றார்கள், அங்கே நிற்கும்படி அவர்களிடம் சொன்னது யார் என்பதை நீங்கள் எழுதவில்லை.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊரிலும் கட்சிகள் உண்டு, தேர்தல் முடிவு வரும், ஒரு தரப்பு வெல்லும், வென்றவர்களுக்கு வெடி வைக்கத் தோன்றத்தான் செய்யும். பறவை கூட்டில் இருக்கிறது என்பதற்காக ஊரே அடங்கியிருக்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் விரும்பித்தான் அப்படி இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் காயப்பட்டிருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. பல ஆண்டுகள் ஒரே சைக்கிள் பாதையில், ஒரே சோற்றுப் பொட்டலத்தைப் பகிர்ந்து போன ஒருவர், நாம் அடிப்படையானது என்று நம்பும் ஒன்றைச் சாதாரணமாக எள்ளிவிட்டுப் போகும்போது, அவரோடு கழித்த காலம் முழுவதும் பொய்யோ என்று தோன்றும். அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த வலியைப் பட்டியலில் காட்டாதீர்கள். அவரிடம் நேரில் சொல்லுங்கள், கோபமாகவே சொல்லுங்கள்.

முதலில் அந்தக் குறிப்பை எடுத்து வையுங்கள். அவரைக் கூப்பிட்டு, நான் மேலே எழுதிய கேள்விகளைக் கேளுங்கள். பதில் போதவில்லை என்றால் ‘உறுதி செய்யப்படாதது’ என்று குறித்து வையுங்கள், அதற்குரிய காரணத்தையும் எழுதுங்கள். பிறகு அதே பருவத்தில் உங்கள் தரப்பு நண்பர்கள் தந்த பூனைப்பருந்துக் குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்து, அதே கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள். எத்தனை தேறுகின்றன என்று பாருங்கள். முடிந்தால் மார்ச்சில் பறவைகள் வடக்கே திரும்புவதற்குள் அந்தப் புல்வெளிக்கு அவரோடு ஒரு மாலை போய்விட்டு வாருங்கள். குழுவில் தொடர்வதா வேண்டாமா என்பதை அதன் பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.