குறுக்கு விசாரணை இல்லை

அன்புள்ள அம்மா,

லிங்கனின் வாழ்க்கை வரலாற்றை இப்போதுதான் படித்து முடித்தேன். அவ்வளவு பொறுமையான மனிதருக்கு இப்படியொரு மனைவி வாய்த்தாரே என்று வருத்தமாக இருந்தது. மேரிக்கு உண்மையிலேயே மனநிலை சரியில்லையா? வெள்ளை மாளிகையில் ஆவிகளோடு பேசினார் என்கிறார்களே, நிஜமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ராத்திரி ஒரு மணிக்கு எழுதியிருக்கிறீர்கள். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் படியுங்கள். அந்த ‘வாய்த்தாரே’வை முதலில் அடித்துவிடுங்கள். பெண்டாட்டி என்ன, லாட்டரிச் சீட்டா? பெற்ற நாலு பிள்ளைகளில் மூன்றைப் புதைத்தவர் அவர். புருஷனைச் சுட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஆவிகளோடு பேசினாரா என்றால், பேசினார். 11 வயது வில்லி 1862-ல் அந்த மாளிகையிலேயே காய்ச்சலில் போன பிறகு. அப்போது நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த எத்தனையோ தாய்மார்கள் அன்று அதைத்தான் செய்தார்கள். அது கிடக்கட்டும்.

மனநிலையைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள். கொஞ்ச நாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பது மேரியின் வக்கீல்.

1875 மே 19. சிகாகோவில் மேரி தங்கியிருந்த ஓட்டலுக்கு ஆட்கள் வந்து, இன்றைக்கே வழக்கு, கிளம்புங்கள் என்கிறார்கள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வழக்குப் போட்டவர் மிச்சமிருந்த ஒரே மகன் ராபர்ட். ஜூரியில் 12 பேரும் ஆண்கள். சாட்சிகள் 17 பேர்: டாக்டர்கள், ஓட்டல் வேலையாட்கள், கடைச் சிப்பந்திகள். மாட்டுவதற்கு வீடே இல்லாதவர் 600 டாலருக்கு லேஸ் திரைச்சீலை வாங்கினார் என்று மகனே கூண்டேறிச் சொன்னார். மேரிக்காக ஆஜரானவர் ஐசக் ஆர்னால்ட், லிங்கனின் பழைய நண்பர். அவரை ஏற்பாடு செய்ததும் மகன் தரப்புதான். தம் கட்சிக்கு ஒரு சாட்சியைக்கூட அவர் கூப்பிடவில்லை. ஜூரிக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

நான் பதினெட்டு வருஷம் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தவள். ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்ற வரி என் விரலுக்கு மனப்பாடம். ஒரு சொத்து வழக்கில் பாட்டி ஒருவர், மகன் பிடித்துக் கொடுத்த வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். அவன் சொல்வது பொய், கேளுங்கள் என்று. வக்கீல் அங்கியை உருவிக்கொண்டு ‘இல்லை’ என்றார். மூன்று கார்பன் வைத்து அடித்தேன். பாட்டி என் பக்கம் திரும்பினார். நான் குனிந்து தாளை உருவினேன். அப்புறம் நீங்கள் வந்து ‘வாய்த்தாரே’ என்கிறீர்கள்.

புத்தி பேதலித்தவர் என்று ஜூரி சொன்னதும் மேரியை அடைத்த பட்டேவியா மனநலக் காப்பகத்திலிருந்து நாலு மாதத்துக்குள் மேரி வெளியே வர முடிந்தது மைரா பிராட்வெல்லால். சட்டத் தேர்வில் தேறியும், கல்யாணமான பெண் என்று இல்லினாய் நீதிமன்றம் உரிமம் தர மறுத்தது இவருக்குத்தான். 1873-ல் உச்ச நீதிமன்றமும் அது சரிதான் என்றது. மேரிக்காகக் கோர்ட்டில் எழுந்து நிற்க முடியாத அந்த அம்மாள், கடிதம் கடிதமாக எழுதினார், பத்திரிகை நிருபரையே காப்பகத்துக்குள் அழைத்துப்போனார்.

1876 ஜூனில் வேறொரு ஜூரி, மேரிக்குப் புத்தி தெளிந்துவிட்டது என்றது. அடுத்த சில நாளில் ராபர்ட்டுக்கு அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் போனது. ‘அன்புள்ள’ கிடையாது, வெறும் பெயர். என் படங்களையெல்லாம் உடனே அனுப்பு, என் வெள்ளிச் சாமான்களை அனுப்பு என்று நீள்கிறது பட்டியல். மகன் வீட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த பழப் படத்தைக்கூட அவர் விடவில்லை.