பேஸ்மென்ட்டில் ஒரு நார்வேப் பெட்டி

கேள்வி: மினியாபொலிஸ் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் அமெரிக்கர். அவருடைய பாட்டி சென்ற ஆண்டு காலமானார். பாட்டி வாழ்ந்த பண்ணை வீட்டை இன்னும் இரண்டு மாதத்தில் விற்கப் போகிறார்கள். பேஸ்மென்ட்டில் பூவேலை வரைந்த பெரிய மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் நார்வேயிலிருந்து வந்த நாற்பது கடிதங்கள், ஒரு பழைய ஞானப்பாட்டுப் புத்தகம், பெயர் எழுதாத புகைப்படங்கள், ஒரு வெள்ளி ப்ரோச். கடிதங்களை யாராலும் வாசிக்க முடியவில்லை. முதலில் இங்கே வந்தவர் ஓலே பாக்கே, 1869இல் ஓஸ்லோவிலிருந்து வந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள். இணையத்தில் தேடினால் ஓலே பாக்கேக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெட்டிக்குப் புது பெயின்ட் அடித்து ஹாலில் வைக்கலாம் என்கிறார் நாத்தனார். என் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன், எங்கிருந்து தொடங்குவது? (பெயர் மாற்றப்பட்டுள்ளது.)

பதில்: இரண்டு மாதம் இருக்கிறது என்று படித்ததும் எனக்கு நிம்மதிதான். பெரும்பாலானோர் வீட்டை விற்றுச் சாவியைக் கொடுத்த பிறகுதான் எழுதுவார்கள்.

ஓலே யார், எந்த ஊர் என்ற தேடலை அடுத்த வருடம்கூடச் செய்யலாம். நார்வேயின் பதிவேடுகள் எங்கும் ஓடிவிடாது. பெட்டியும் அதிலுள்ள பொருட்களும் அப்படியல்ல, வீட்டுப் பெரியவர்களின் ஞாபகமும் அப்படியல்ல. இந்த இரண்டு மாதத்தை அவற்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

முதலில் நாத்தனார் கையிலிருந்து பெயின்ட் டப்பாவை வாங்கி வையுங்கள். அந்தப் பூவேலைக்கு ரூஸ்மாலிங் என்று பெயர். இப்படிப்பட்ட பெட்டிகளின் முன்பக்கத்தில் உரியவர் பெயரும் ஓர் ஆண்டும் வரைந்திருப்பது வழக்கம். மங்கியிருந்தால் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்தின் மேடு தெரியும். அந்த ஆண்டு கப்பலேறிய ஆண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓலேயின் அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்த பெட்டியாகவும் இருக்கலாம். சோப்புத் தண்ணீர், பாலிஷ், வார்னிஷ் எதுவும் வேண்டாம். காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும். ப்ரோச் அநேகமாக சோல்யே என்கிற நார்வேக்காரர்களின் உடைநகையாக இருக்கும். அதையும் பளபளவென்று தேய்க்க வேண்டாம்.

பெட்டியைக் காலி செய்யும் முன் திறந்த நிலையில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு அடுக்கடுக்காக எடுக்க எடுக்கப் படம். எந்தக் கடிதம் எந்தப் புகைப்படத்தோடு கட்டப்பட்டிருந்தது என்பதே சில சமயம் ஒரே துப்பாக அமைந்துவிடும். நான் அதிகம் பார்த்த தவறு, கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் போடுவது. தபால் முத்திரை உறையில்தானே இருக்கிறது! ஞானப்பாட்டுப் புத்தகத்தின் முதல், கடைசி வெற்றுப் பக்கங்களைக் கட்டாயம் பாருங்கள். பிறப்பு, இறப்பு, யார் யாருக்குக் கொடுத்த புத்தகம் என்றெல்லாம் அங்கே கிறுக்கி வைத்திருப்பார்கள். புகைப்படங்களில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சாகியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது நார்வே ஊராக இருந்தால் ஓலேயின் பண்ணைக்கு அருகிலிருந்த நகரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செல்லோடேப் வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. துருப்பிடித்த கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கடிதங்களை அமிலமற்ற காகித உறையில் இட்டு, அதேபோன்ற அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். அட்டைப்பெட்டியை வீட்டில் ஆட்கள் புழங்கும் அறையின் அலமாரியில் வைப்பது நல்லது. பேஸ்மென்ட்டில் ஈரம், பரணில் கோடைச் சூடும் மினசோட்டாக் குளிரும். உங்களுக்கு வசதியான தட்பவெப்பம்தான் காகிதத்துக்கும் வசதி. புகைப்படங்களை முன்பின் இரண்டு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்னால் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சில்தான், பேனா வேண்டாம்.

சரி, ஓலே பாக்கேக்கு வருவோம். நீங்கள் தேடும் முறையில்தான் சிக்கல். பாக்கே என்பது நீங்கள் நினைக்கிற மாதிரி குடும்பப் பெயரே இல்லை.

நம் இனிஷியலை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா பெயர் ஹான்ஸ் என்றால் மகன் ஓலே ஹான்சென், மகள் ஹான்ஸ்டாட்டர், அதாவது ஹான்ஸின் மகள். ஓலேக்குப் பிறந்தவன் ஓல்சென். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கல்யாணமானாலும் பெண் அப்பா பெயரைத்தான் வைத்துக்கொள்வாள். மூன்றாவதாக வருவது பண்ணையின் பெயர். அது கிட்டத்தட்ட விலாசம். பாக்கே என்றால் மேட்டுச் சரிவு. நார்வேயில் சரிவுக்கு என்ன பஞ்சம்? அதனால்தான் அத்தனை பாக்கேக்கள். குடும்பம் வேறு பண்ணைக்குக் குடிபோனால் இந்தப் பெயரும் மாறிவிடும். மனைவியின் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்த மாப்பிள்ளை அந்தப் பண்ணையின் பெயரால் அறியப்படுவான். ஆளுக்கு ஒரு நிரந்தரக் குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்ததே 1923இல்தான். அமெரிக்கா வந்தபின் அண்ணன் ஹான்சன் என்றும் தம்பி பாக்கே என்றும் பதிந்துகொண்ட வீடுகள் உண்டு. நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுங்கள். எல்லிஸ் தீவு திறந்தது 1892இல், உங்கள் ஓலே வந்து 23 வருடம் கழித்து.

இன்னொரு வழக்கம் நமக்கு உடனே புரியும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். பெயரன்தான் பேரன் ஆனான் என்று தெரிந்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை. எனவே ஓலேயின் பிள்ளைகள் பெயரை வரிசையாக எழுதினால் நார்வேயிலிருந்த தாத்தா பாட்டி பெயர்களை ஓரளவு ஊகிக்கலாம். இங்கே வந்து காரி என்பது கேரி ஆனதையும், கூரி ஜூலியா ஆனதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஓஸ்லோவையும் நம்ப வேண்டாம். 1869இல் தலைநகரத்தின் பெயர் கிறிஸ்தியானியா. ஓஸ்லோ என்று மாறியது 1925இல். குடும்பங்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் கப்பலேறிய துறைமுகத்தைத்தான். கமுதிப் பக்கத்துக்காரர் வெளிநாட்டில் ‘மெட்ராஸ்’ என்று சொல்லிக்கொள்வது மாதிரி.

ஆகவே நீங்கள் தேட வேண்டியவை மூன்று: பிறந்த தேதி, அப்பாவின் பெயர், திருச்சபை வட்டத்தோடு (அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) சேர்ந்த பண்ணை. இவை மூன்றும் அமெரிக்காவிலேயே கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

எல்லாவற்றிலும் நல்ல இடம் பாட்டி வீட்டுப் பக்கத்து லுத்தரன் தேவாலயம். நார்வேப் போதகர்கள் ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்த பிள்ளைகள் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), கல்யாணம், அடக்கம் எல்லாவற்றையும் நார்வே மொழியிலேயே பதிந்தார்கள். ‘நார்வே’ என்று மட்டும் எழுதாமல் எந்த வட்டாரம் என்றும் பல இடங்களில் குறித்தார்கள். தேவாலயம் மூடியிருந்தால், இன்றைய இவாஞ்சலிக்கல் லுத்தரன் சபையின் ஆவணக் காப்பகத்தில் பழைய ஏடுகளின் மைக்ரோஃபிலிம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரசுப் பதிவுகளில் 1900 சென்சஸ் உதவும். பிறந்த மாதம், ஆண்டு, அமெரிக்கா வந்த ஆண்டு மூன்றையும் கேட்டது அது. 1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 1921 தீ விபத்தில் அநேகமாக எல்லாமே போய்விட்டது. அரசு நிலத்தில் குடியேறிப் பயிர் செய்தவர்களுக்கு அதையே சொந்தமாக்கிய 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் ஓலே 160 ஏக்கர் பெற்றிருந்தால் அந்தக் கோப்பு வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அதிலேயே குடியுரிமைத் தாளும் சேர்ந்திருப்பதுண்டு. அதில் ‘ஸ்வீடன், நார்வே அரசருக்கான விசுவாசத்தைக் கைவிடுகிறேன்’ என்று வந்தால் அவர் ஸ்வீடன்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1814 முதல் 1905 வரை இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர்தான்.

இவை கையில் வந்தபின் நார்வே பக்கம் போவது சுலபம். செலவும் இல்லை. நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவெட் தளத்தில் தேவாலயப் பதிவேடுகளின் ஸ்கேன், சென்சஸ், போலீசார் எழுதிய புலம்பெயர்ந்தோர் பட்டியல் எல்லாம் இலவசம். ஓலே 1869இல் கிளம்பினார் என்றால் 1865 சென்சஸில் இருந்தாக வேண்டும். அதில் பாக்கே என்று தேடாமல் திருச்சபை வட்டத்தைத் திறந்து, பண்ணை வாரியாகப் பாருங்கள். வயது ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருக்கும். ‘ஹுஸ்மன்’ என்று தொழில் போட்டிருந்தால் வருத்தப்பட வேண்டாம். அடுத்தவர் பண்ணையில் குடிசையும் துண்டு நிலமும் பெற்று, பதிலுக்கு உழைத்தவர்கள் அவர்கள். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் அவர்கள் ஏராளம். அந்த சென்சஸ் ஆளோடு மாடு, ஆடு, விதைத்த உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் எண்ணியது. உங்கள் பிள்ளைகளுக்கு வம்சாவளி அட்டவணையைவிட அந்த மாட்டுக் கணக்கு பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அதன்பின் தேவாலய ஏட்டில் ஞானஸ்நானம், திடப்படுத்தல், வட்டத்தைவிட்டு வெளியேறியோர் பட்டியல் ஆகிய மூன்றிலும் அதே ஆளைப் பிடியுங்கள். ஓர் எச்சரிக்கை: குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கும் அதே பெயரை வைப்பார்கள். முதல் ஓலேயைக் கண்டதும் குதிக்காமல் அடக்கப் பதிவையும் பார்த்துவிடுங்கள். நானே ஒருமுறை இரண்டு வயதில் இறந்துபோன ஒரு ஓலேக்கு நான்கு மாதம் வம்சாவளி எழுதிக்கொண்டிருந்தேன். நியூயார்க் கப்பல் பட்டியலில் பெயர் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். அந்தக் காலத்தில் நார்வேக் கப்பல்கள் பல கனடாவின் கியூபெக்கில்தான் ஆட்களை இறக்கின.

பண்ணை உறுதியானால் அந்த வட்டாரத்தின் பிக்டெபோக்கைத் தேடுங்கள். ஒவ்வொரு பண்ணையிலும் யார் யார் வாழ்ந்தார்கள், யார் அமெரிக்கா போனார்கள் என்று தலைமுறை வாரியாக எழுதிய ஊர் வரலாறு அது. வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தின் செஸ்டர் ஃபிரிட்ஸ் நூலகத்தில் இவற்றின் பெரிய தொகுப்பு இருக்கிறது. கிராண்ட் ஃபோர்க்ஸ் உங்களுக்கு ஒரு நாள் பயணம். விஸ்கான்சினில் மேடிசன் நகரத்திலுள்ள நார்வே அமெரிக்க வம்சாவளி மையமும் நேசெத் நூலகமும் கட்டணத்துக்குத் தேடித் தருவார்கள், கடிதங்களையும் மொழிபெயர்ப்பார்கள். இவை தவிர ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்களின் பிக்டெலாக் சங்கங்கள் உண்டு. அவற்றில் மூத்தது வால்ட்ரெஸ் வட்டாரத்தாருடையது. அதன் முதல் கூட்டம் 1899இல் உங்கள் ஊர் மின்னஹாஹா பூங்காவில்தான் நடந்தது.

கடிதங்களை வாசிக்க முடியாததற்குக் காரணம் மொழி மட்டுமில்லை. பழைய கோத்திக் கையெழுத்தை இன்றைய நார்வேக்காரர்களே தடுமாறித்தான் வாசிப்பார்கள். எழுத்துமொழியோ கிட்டத்தட்ட டேனிஷ். நம் தரங்கம்பாடியை ஆண்ட அதே டென்மார்க் அரசின் கீழ்தான் 1814 வரை நார்வேயும் இருந்தது. நாற்பதையும் ஒரேயடியாக மொழிபெயர்க்கக் கொடுத்துப் பணத்தைக் கரைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தேதி வாரியாக அடுக்கி, மிகப் பழையதாக இரண்டை மட்டும் கொடுங்கள். கடிதத்தின் தலைப்பில் தேதிக்கு முன்னால் இருக்கும் சொல் பெரும்பாலும் ஊரோ பண்ணையோதான். அதை நீங்களே எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம். பழைய எழுத்தில் இரட்டை ‘ஏ’ (aa) என்றிருப்பது இன்று மேலே வட்டம் போட்ட ஒற்றை ‘ஏ’ (å). இரண்டு வகையிலும் தேடுங்கள்.

மரபணுச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அது உறவைச் சொல்லும், பண்ணையைச் சொல்லாது. இணையத்தில் யாரோ கட்டிய வம்சாவளியில் பதிவேட்டுப் பக்கம் இணைக்கப்படவில்லையென்றால் அதை வதந்தியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளை எங்காவது கொடுக்கலாமா என்று கணவர் கேட்கக்கூடும். ஐயோவாவில் டெகோராவிலுள்ள வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகம் 1877இல் லூத்தர் கல்லூரியில் தொடங்கியது. இதுபோன்ற இடங்களுக்குப் பெட்டி புதிதல்ல. யாருடையது, எங்கிருந்து வந்தது, கூடவே என்ன இருந்தது என்ற விவரத்தைத்தான் முதலில் கேட்பார்கள். கடிதங்கள் என்றால் நார்த்ஃபீல்டில் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் இயங்கும் நார்வே அமெரிக்க வரலாற்றுச் சங்கம், 1925 முதல் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். என்னைக் கேட்டால் கடிதங்களை அவர்களிடம் கொடுத்து ஸ்கேனை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். கொடுக்கும் முன் அவர்களோடு பேசுங்கள். வாசலில் வைத்துவிட்டு வருவது அவர்களுக்குத் தலைவலி.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது வேறு. மாமியாரோ, அவர் வயதையொத்த யாரோ இருந்தால் புகைப்படங்களை மேசையில் பரப்பிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டிங் போட்டுவிடுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. ‘உங்கள் பூர்விகம் என்ன?’ என்று கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். இந்தப் படத்தில் இருப்பது யார் வீட்டுத் திண்ணை, கிறிஸ்துமஸுக்கு லெஃப்ஸ ரொட்டியை யார் சுடுவார்கள், அதைச் சுடும் கல் இப்போது யாரிடம் இருக்கிறது, எந்த அத்தையோடு பேச்சுவார்த்தை நின்றது என்று கேளுங்கள். அத்தை கதையில்தான் கல்யாணமான பெண்களின் பெயரெல்லாம் வெளியே வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம், அவருக்கும் களைப்பாக இருக்கும். மீதிப் படங்களை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.