வளையல் இறுகினால் தண்ணீரைக் குறையுங்கள்

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். வயது 52. முதல் மாரத்தானுக்காக ஞாயிறுதோறும் டர்பன் கடற்கரையோரம் நான்கு மணி நேரம் ஓட்டமும் நடையுமாகப் பயிற்சி செய்கிறேன். பயிற்சியாளர் சொன்னபடி தாகம் எடுப்பதற்கு முன்பே குடித்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் வீடு திரும்பும்போது தலைவலி, குமட்டல். வளையல் கையோடு இறுகிக்கொள்கிறது. எடையும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. தண்ணீர் போதவில்லை, தான் விற்கும் உப்புத் தூளையும் கலந்து குடிக்க வேண்டும் என்கிறார் அவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: அம்மா, நான்கு மணி நேரம் வேர்க்க விறுவிறுக்க ஓடியவருக்கு எடை குறைய வேண்டும். கூடுகிறது என்றால் வயிற்றுக்குள் போன தண்ணீர்தான் கூடியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உங்களுக்குத் தண்ணீர் போதாமல் இல்லை, மிஞ்சிப் போயிருக்கிறது. நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி அந்த வளையல்தான். காலையில் மணிக்கட்டில் புரண்டது மதியம் சோப்புப் போட்டாலும் கழலவில்லை என்றால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று பொருள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது சிறுநீரகம் மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர்கூட வெளியே தள்ளிவிடும். நீண்ட ஓட்டத்தில் உடல் நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோனைச் சுரப்பதால் அந்த வாசல் பாதி அடைபட்டுப்போகிறது. நீங்களோ மேலே ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். இரத்தத்தில் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் குறையக் கூடாத சோடியம் நீர்த்துப்போகிறது. மூளை வீங்கத் தொடங்குகிறது. தலைவலியும் குமட்டலும் அதன் முதல் தட்டல். பேச்சுக் குழறினாலோ வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனை.

இது எங்கோ நடந்த கதை அல்ல. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், 1981-இல் ஒரு பெண் இப்படித்தான் நினைவிழந்து விழுந்தார். 1985-இல் நம் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட நான்கு பேரைப் பற்றி எழுதினார்கள். நாற்பது ஆண்டுகளாகியும் "தாகம் வருமுன் குடி" என்ற பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஓயவில்லை. தூள் விற்க வேண்டுமே!

அந்தத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் இருக்கும் சோடியம், இரத்தத்தில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். நீர்த்த ரசத்தில் இன்னும் நீர்த்த ரசத்தை ஊற்றினால் உப்புக் கூடுமா? பயிற்சிக்குச் சம்பளம், தூளுக்கு லாபம் என்று இரண்டு கையாலும் வாங்குகிறவரிடம் குடிக்கும் அளவைக் கேட்காதீர்கள். "ஓட்டம் முடிந்ததும் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளுங்கள், தெம்பு வரும்" என்பவர்களிடமும் ஜாக்கிரதை. ஒரு பந்தயத்தின் மருத்துவக் கூடாரத்தில், சோடியம் எவ்வளவு என்று பார்க்காமலே மயங்கியவருக்குப் பாட்டிலை மாட்டப் போனார்கள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் உடம்பில் ஏற்கெனவே நீர் மிஞ்சியிருந்தது.

தாகம் எடுத்தால் குடியுங்கள், தீர்ந்ததும் நிறுத்துங்கள். பந்தய வழியில் மேசை தோறும் நீட்டுகிற தண்ணீர்ப் பாக்கெட்டை மரியாதைக்காக வாங்கிப் பல்லால் கிழிக்க வேண்டியதில்லை. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் வழிகிறதே என்று இன்னும் குடிப்பதால் சூடு தணியாது. வேகத்தைக் குறைத்தால்தான் தணியும். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ குறைந்தால் கவலையில்லை. கூடவே கூடாது. முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரி. என்ன மாத்திரை அது? அரசு கிளினிக்கில் வாங்குவதாக இருந்தால் ஹைட்ரோகுளோரோதயாசைடாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அட்டையின் பின்பக்கம் பாருங்கள். சிறுநீரைப் பிரிக்கும் இந்த மாத்திரை சோடியத்தையும் சேர்த்து வெளியேற்றும். ஓடாதவர்களுக்கே, அதிலும் வயதான பெண்களுக்கு, இது சோடியத்தைக் குறைத்துவிடுவதுண்டு. அதோடு நான்கு மணி நேர ஓட்டமும் குடம் குடமாகத் தண்ணீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அழுத்தம் எகிறினால் அது வேறு ஆபத்து. மருத்துவரிடம் "நான் மாரத்தான் ஓடுகிறேன், சோடியம் பார்க்க வேண்டும், வேறு மாத்திரைக்கு மாற்றலாமா?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். விடியற்காலை வரிசையில் நிறுத்தி, மாதக்கணக்குக்கு மாத்திரையைப் பையில் போட்டு அனுப்புகிறார்களே தவிர, ஓடுகிறாயா நடக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. நீங்கள்தான் வாயைத் திறக்க வேண்டும்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.