நம்ம ஊர்க் கடல் கார்பனை உறிஞ்சுகிறதா, வெளியே விடுகிறதா?

கேட்டிருப்பது இது: "மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது என்கிறார்கள். நம்முடைய குமரி, கேரளக் கடலும் அப்படித்தானா? இதையெல்லாம் எப்படித்தான் அளக்கிறார்கள்?"

நான் நீரோடிப் பக்கத்துக்காரன். தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர். கொஞ்சம் நடந்தால் பொழியூர், கேரளம். வேதியியல் படித்துவிட்டு கொச்சியில் ஓர் ஆய்வகத்தில் நான்கு வருடம் திட்ட உதவியாளராக இருந்தேன். கடல்நீரைக் குப்பியில் பிடிப்பதும் அதிலுள்ள கார்பனை அளப்பதும்தான் வேலை. (எங்கள் பக்கம் பாட்டிலுக்குக் குப்பி என்றுதான் பெயர். வேறு குப்பியை நினைக்க வேண்டாம்.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோரக் கடல் கரியமில வாயுவை வெளியே விடுகிறது. ஆனாலும் அந்தக் கால் பங்குக் கணக்கில் இந்தக் கடலுக்கும் பங்கு உண்டு. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பது எனக்கே விளங்க ஒரு வருடம் ஆனது.

என் சித்தப்பா வள்ளக்காரர். ஆனி ஆடியில் எங்கள் கரையில் வள்ளம் இறக்க முடியாது, அலை அப்படி அடிக்கும். அதனால் அந்த இரண்டு மூன்று மாதமும் விழிஞ்ஞத்தில்தான் தொழில். விசைப்படகுகளுக்கு அப்போது தடைக்காலம் என்பதால் வள்ளக்காரர்களுக்குக் கொஞ்சம் காசு பார்க்கிற நேரமும் அதுதான். என் வேலையைப் பற்றி அவரிடம் சொன்னபோது அவர் கார்பனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மக்களே, சித்திரையில வெந்நி மாதிரி கெடந்த தண்ணி, ஆடியில வலைய இழுத்தா கை வெறைக்கி. மழ பெஞ்சதுனாலயா?" என்றார்.

மழையால் இல்லை. அந்த மாதங்களில் மேற்குக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும் காற்று மேல்நீரைத் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் வடகோளத்தில் அந்த நீர் காற்றுக்கு வலப்பக்கமாக ஒதுங்கும். நம் கரையில் வலப்பக்கம் என்றால் நடுக்கடல். ஒதுங்கிய நீரின் இடத்துக்கு அடியிலிருந்து, ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழத்திலிருந்து, குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. குமரி முனைப் பக்கம் தொடங்கி மெல்ல வடக்கே நகரும். மேல்நீரின் சூடு நாலைந்து டிகிரி இறங்கிவிடும். ஏறிவரும் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளம் என்பதால் நுண்பாசி பெருகும், அதைத் தின்ன சாளை வரும்.

உரத்தோடு சேர்ந்து கார்பனும் வருகிறது. மேலே வாழ்ந்து செத்த பாசியும் மற்ற உயிர்களின் கழிவும் கீழே விழ விழ, பாக்டீரியா அவற்றைத் தின்று மூச்சு விடுகிறது. அடிநீரில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். அந்த நீர் மேலே வந்து வெயிலில் சூடாகும்போது, சூடான சோடாவைத் திறந்த மாதிரி, வாயு வெளியேறும். அரபிக்கடலின் பெரும் பகுதியே பருவமழைக் காலத்தில் இப்படித்தான். இந்தியக் கடல் ஆய்வாளர்கள் 1990களில் கப்பல் கப்பலாகப் போய் அளந்து உறுதிசெய்த விஷயம் இது.

பாக்டீரியா மூச்சு விடுவதை நான் புத்தகத்தில் படித்தேன். நம்பியது ஒரு தப்பு செய்த பிறகுதான். கார்பன் மாதிரி எடுப்பது பால் வாங்குவது போன்ற வேலை இல்லை. ரப்பர் குழாயைக் கண்ணாடிக் குப்பியின் அடி வரை விட்டு, சலசலப்பில்லாமல் நிரப்பி, இன்னொரு குப்பி அளவுக்கு வழிய விட வேண்டும். முதல் நாள் நான் நிரப்பிய குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த சேட்டன், "குமிள உண்டல்லோ, களஞ்ஞேக்கு" என்று கொட்டச் சொல்லிவிட்டார். ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் அதற்குள் வாயு போய்விடும். சரி, அதைக் கற்றுக்கொண்டேன். நிரப்பியதும் மெர்குரிக் குளோரைடு சில துளி விட வேண்டும். சித்த மருத்துவத்தில் வீரம் என்பார்களே, அந்த விஷம்தான். குப்பிக்குள் இருக்கும் எல்லா உயிரையும் அப்போதே கொன்றுவிடும். ஒரு பயணத்தில் தலைசுற்றல், வாந்தி. அந்த மயக்கத்தில் ஆறு குப்பிகளுக்கு அதை விட மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஆய்வகத்தில் அளந்தபோது, அதே இடத்தில் எடுத்த மற்ற குப்பிகளைவிட அந்த ஆறிலும் கார்பன் முப்பது அலகு கூடுதல். மூடிய குப்பிக்குள் கடல் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

முப்பது அலகு பெரிதா என்று கேட்பீர்கள். மேல்நீர் ஒரு கிலோவில் கரைந்த கார்பன் ஏறக்குறைய 2,000 அலகு (மைக்ரோமோல்; 24 மில்லிகிராம் கார்பன்). உலகக் கடல்களின் மேல்நீரில் மனிதப் புகையால் வருடத்துக்கு ஏறுவது சுமார் ஒரு அலகு. என் ஆறு குப்பிகள் இரண்டு மாதத்தில் முப்பது வருடப் புகையைக் குடித்த கணக்கு. அளக்கும் கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் சரியாக இருந்தால்தான் ஏதாவது பேச முடியும் என்பது இதிலிருந்து புரியும். அதற்காக உலகம் முழுக்க ஆய்வகங்கள், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் ஆண்ட்ரூ டிக்சனின் ஆய்வகம் துல்லியமாக அளந்து அடைத்த கடல்நீரை வாங்கி, கருவியை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றன. கடலுக்கு நூறடியில் பிறந்தவன் அமெரிக்காவிலிருந்து வந்த கடல்நீர்க் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருந்தால் எங்கள் அம்மா சிரித்திருப்பார்.

கடல் ஏன் இவ்வளவு கார்பனைத் தாங்குகிறது? வெறும் நீரில் வாயு கரைந்து கிடக்கும், அவ்வளவுதான். கடல்நீரில் அது கார்பனேட்டோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. கரைந்த கார்பனில் 90 சதவீதம் இந்த வடிவில்தான். வாயுவாகவே இருப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் கடலில் சேர்ந்திருக்கும் கார்பன் 38 லட்சம் கோடி டன் அளவில், காற்றில் உள்ளதைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். ஆனால் வாங்க வாங்க கார்பனேட் தீர்ந்துகொண்டே வரும், வாங்கும் சக்தியும் குறையும். 1957இல் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அதுவரை எவ்வளவு புகை விட்டாலும் கடல் சடசடவென்று விழுங்கிவிடும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். தொழிற்புரட்சிக்கு முன் 8.2 ஆக இருந்த மேல்நீரின் பி.எச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது) இப்போது 8.1க்குக் கீழே வந்துகொண்டிருக்கிறது. 0.1 அற்பமாகத் தெரியும். அமிலத்தன்மையில் அது ஏறக்குறைய 26 சதவீத ஏற்றம்.

இந்த இடத்தில் ஒரு தவறான கருத்தையும் சொல்லிவிடுகிறேன். சிப்பி ஓட்டில் கார்பன் இருக்கிறது, ஆகவே சிப்பி வளர்த்தால் கடல் அதிகமாக உறிஞ்சும் என்று சிலர் எழுதுகிறார்கள். குளச்சலிலும் விழிஞ்ஞத்திலும் பாறைக்குப் பாறை சிப்பி எடுக்கிற எங்களுக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடு கட்டும்போது இரண்டு பைகார்பனேட்டில் ஒன்று ஓடாகிறது, மற்றது கரியமில வாயுவாக நீருக்கே திரும்புகிறது. சிப்பியை ருசிக்காக வளர்ப்போம்.

கடலில் இரும்பு தூவிப் பாசியை வளர்க்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். 2009இல் இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து லோஹாஃபெக்ஸ் என்ற பெயரில், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டரில் இதைச் செய்து பார்த்தன. பாசி வளர்ந்தது. அந்த நீரில் சிலிக்கா போதாததால் கனமான சிலிக்கா ஓடுள்ள டயாட்டம் என்ற பாசி வகை வளரவில்லை. வளர்ந்ததையும் சின்னச் சின்ன இறால் வகை உயிர்கள் தின்று தீர்த்தன. ஆழத்துக்குப் போனது சொற்பம்.

சரி, அந்தக் கால் பங்குக் கணக்கு. கடலும் காற்றும் வருடம் முழுக்கக் கொடுத்து வாங்குகின்றன. ஒவ்வொரு திசையிலும் சுமார் 8,000 கோடி டன் கார்பன். நிகரமாகக் கடலுக்குள் போவது சுமார் 280 கோடி டன், கரியமில வாயுவாகச் சொன்னால் 1,000 கோடி டன். இந்த நிகரத்தில் பெரும் பங்கு குளிர்ந்த கடல்களுக்கு. தென்பெருங்கடல் மட்டுமே ஏறக்குறைய 40 சதவீதம். அங்கேயும் வட அட்லாண்டிக்கிலும் மேல்நீர் குளிர்ந்து கனத்து ஆழத்துக்கு இறங்குகிறது. சேமிப்பு என்றால் அதுதான். சில நூறு முதல் ஆயிரம் ஆண்டு வரை அந்த நீர் மேலே வராது. இறங்கிய நீர் எப்போது கடைசியாகக் காற்றைப் பார்த்தது என்று தெரிந்துகொள்ள ஃப்ரிட்ஜில் பயன்படுத்திய பழைய குளோரோஃபுளோரோகார்பன் வாயுவைத் தேடுகிறார்கள். 1930களுக்கு முன் உலகத்தில் அது இல்லை. ஆகவே ஒரு நீரில் அது இருந்தால், அதற்குப் பிந்தைய நீர். மனிதப் புகையும் அதில் இருக்கும்.

நம் கடலுக்கு வருவோம். அடியிலிருந்து வரும் கார்பன் அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் வாயுவை வெளியே தள்ளுகிறது. 1958இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இன்று 420க்கு மேல். எதிர்ப்பக்கத்தில் காற்றின் அழுத்தம் கூடினால் கடல் விடும் மூச்சு அந்த அளவுக்கு அடங்கும். முன்பு நூறு விட்ட கடல் இப்போது எண்பது விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் சும்மா உதாரணத்துக்கு). மிச்சப்பட்ட இருபதும் மனிதனிடமிருந்து வாங்கியதாகத்தான் கணக்கில் ஏறும். வெளியே விட்டுக்கொண்டே உறிஞ்சுவது இப்படித்தான்.

இதைச் சித்தப்பாவிடம் விழிஞ்ஞம் கடற்கரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அடுத்த வாரம் வெளிக்கடலிலிருந்து எனக்காகத் தண்ணீர் பிடித்து வந்திருந்தார். ஒரு லிட்டர் மினரல் வாட்டர் குப்பி, கழுத்துக்குக் கீழே நாலு விரல் காற்று, இரண்டு நாள் வள்ளத்தில் வெயில் பட்டது. கார்பனுக்கு ஒன்றுக்கும் ஆகாது. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உப்பை மட்டும் அளந்து, 34.8 என்று போனில் சொன்னேன்.

"அது நல்லதா மக்களே?" என்று கேட்டார். நல்லது என்றேன்.