பட்டன் போனிலும் 1 ஜிபி ராம் போனிலும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஓடுமா? எந்த லைட் ஆப் நல்லது?

ஆப்பைத் தேடுவதற்கு முன் போனில் என்ன ஓஎஸ் (போனை இயக்கும் மென்பொருள்) என்று பாருங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

பழைய ஜாவா நோக்கியா என்றால் வாட்ஸ்அப்பை மறந்துவிடலாம். எஸ்40 என்ற நோக்கியா ஓஎஸ்ஸில் ஓடும் போன்களுக்கு 2018 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஓபரா மினி பிரவுசர்தான். "சான்றிதழ் பிழை" என்று வந்தால் முதலில் தேதியைச் சரிபாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பல போன்களில் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால், தளம் உண்மையானதா என்று சரிபார்க்க போனுக்குள் இருக்கும் சான்றிதழே காலாவதி ஆகியிருக்கலாம். அதற்கு வழியில்லை.

ஜியோபோன் போன்ற, காய்ஓஎஸ் என்ற ஓஎஸ்ஸில் ஓடும் பட்டன் போன்களுக்கு 2018-ல் வந்த வாட்ஸ்அப்பை 2024 ஜூனில் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் "வாட்ஸ்அப் வரும்" என்று பட்டன் போனை நீட்டினால், உங்கள் நம்பரில் ஓடிபி வந்து உள்ளே நுழையும் வரை காசு கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு என்றால் கவலை குறைவு. 2015-ல் வந்த ஃபேஸ்புக் லைட் இன்றும் நல்ல தேர்வு. திரையை உருவாக்கும் வேலையில் பெரும்பகுதியை அவர்களுடைய சர்வரே செய்துவிடுவதால் ராம் மிச்சம். ஆனால் அதனாலேயே, நெட் தடுமாறினால் ஒவ்வொரு தட்டலுக்கும் காத்திருக்க வேண்டும். போன் ஸ்லோ என்று பலர் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். செட்டிங்ஸில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். இடம் நிறைந்தால் 'கிளியர் கேஷ்' மட்டும் போதும். 'கிளியர் டேட்டா' கொடுத்தால் லாகின் போய்விடும். மெசஞ்சர் லைட்டைத் தேட வேண்டாம், 2023-லேயே மூடிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்புக்கு லைட் பதிப்பே கிடையாது. அந்தப் பெயரில் சுற்றும் ஏபிகே (ஆப்பை நேரடியாகப் போடும் ஃபைல்) எல்லாம் யாரோ மாற்றிச் செய்தவை. போட்டால் நம்பர் தடையாகலாம். ஒரிஜினலையே போட்டு, 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் மீடியா தானாக டவுன்லோட் ஆவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் அணைத்துவிடுங்கள்.

8 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள போனில் இதற்குப் பிறகும் இடம் போதவில்லையா? ஃபைல் மேனேஜரில் வாட்ஸ்அப்பின் 'டேட்டாபேசஸ்' ஃபோல்டரைத் திறங்கள். தினமும் ராத்திரி எடுக்கும் பேக்கப், கடைசி ஏழு நாளைக்கு அங்கே குவிந்திருக்கும். குரூப் அதிகம் இருந்தால் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கலாம். பெயரில் தேதி உள்ளவற்றை அழித்துவிட்டு, தேதி இல்லாத ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். அதுதான் கடைசி பேக்கப்.