ஒரு நாள், ஏழு புத்தகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். கரூரிலிருந்து எழுதுகிறேன். ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு வேலை. கொஞ்ச காலமாக ஒரு சிற்றிதழுக்கு நூல் மதிப்புரை எழுதி வருகிறேன். அக்டோபரில் நடக்கும் 24 மணி நேர வாசிப்பு மாரத்தானில் இந்த முறை சேரலாம் என்றிருக்கிறேன். நீங்கள் அதில் கலந்துகொள்வதுண்டு என்று ஒரு கூட்டத்தில் சொன்னதாக ஞாபகம்.

மதிப்புரைக்கு வந்த புத்தகங்கள் ஏழு என் மேஜையில் கிடக்கின்றன. இரண்டு நாவல், இரண்டு சிறுகதைத் தொகுப்பு, ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு கட்டுரை நூல், ஒரு மொழிபெயர்ப்பு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 பக்கம். அந்த ஒரே நாளில் ஏழையும் முடித்துவிட்டு, வரிசையாக மதிப்புரை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று திட்டம். நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "வாசிப்பைப் போய் ஓட்டப்பந்தயமாக ஆக்குகிறாயே, எழுதினவனுக்குச் செய்யும் துரோகம் இது" என்கிறார். அவர் சொல்வது சரியா? இரவு முழுக்க விழித்துப் படித்தது மதிப்புரைக்கு உதவுமா? படித்த கையோடு எழுதிவிட வேண்டுமா, ஆறப்போட வேண்டுமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பெயரில்தான் மாரத்தான் இருக்கிறது. இதில் யாரும் ஜெயிப்பதில்லை. எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று யாரும் சரிபார்ப்பதுமில்லை. 2007 அக்டோபரில், ட்யூயி என்ற புனைபெயரில் புத்தகங்களைப் பற்றி எழுதிவந்த ஒரு பெண்மணி ஆரம்பித்துவைத்தது இது. (நூலகத்தில் புத்தக முதுகில் எண் ஒட்டக் காரணமானவர் வேறு ட்யூயி.) அடுத்த வருடக் கடைசியிலேயே அவர் காலமாகிவிட்டார். கூட வாசித்தவர்கள் விடவில்லை. அவர் பெயராலேயே ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக நடத்தி வந்தார்கள். நடுவில் தூங்கலாம், சமைக்கலாம், ஆறு மணி நேரம் மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம். தான் படிக்காமல், படிக்கிறவர்களை உற்சாகப்படுத்துவதற்கென்றே சேர்கிறவர்களும் உண்டு. இதில் துரோகம் எங்கே வருகிறது? நம் சிவன் கோவில்களில் நடக்கும் திருவாசகம் முற்றோதலை உங்கள் நண்பர் பார்த்திருப்பார். காலையில் உட்கார்ந்தால் 51 பகுதிகளும் முடியப் பொழுது சாய்ந்துவிடும். அதை யாரும் ஓட்டப்பந்தயம் என்று சொல்வதில்லை.

ஆனால் முற்றோதலுக்கு உட்காருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே பழக்கம். உங்களுக்கு அந்த ஏழு புத்தகமும் புதிது. போதாததற்கு, படித்து முடித்ததும் நீங்கள் தீர்ப்பு வேறு சொல்ல வேண்டும். என் கவலை அங்கேதான்.

நீங்கள் கணக்குப் பார்க்கிறவர் என்பதால் கணக்கிலேயே தொடங்குகிறேன். ஏழு புத்தகம், 1400 பக்கம். ஆங்கிலத்தில் புனைவல்லாத நூல்களை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று மார்க் பிரிஸ்பெர்ட் என்ற உளவியலாளர் 2019ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துச் சொன்னார். அதைத் தமிழுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நம் சொல் நீளமானது. 'போய்விட்டிருந்தவர்களுக்காக' என்பது நமக்கு ஒரே சொல். மதிப்புரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டு படிக்கிறவருக்கு மணிக்கு 30 முதல் 40 பக்கம் என்பதே நல்ல வேகம் என்பேன். 24 மணி நேரத்தில் தூக்கம், சாப்பாடு, குளியல், வாசலில் வந்து நிற்கும் சிலிண்டர்காரர் எல்லாம் போக 15 மணி நேரம் மிஞ்சினால் பெரிய விஷயம். பெருக்கிப் பாருங்கள்: 450 முதல் 600 பக்கம். ஏழு புத்தகம் அந்தப் பெட்டியில் அடங்காது. அடக்க வேண்டுமென்றால் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். தள்ளிப் படித்த புத்தகத்துக்கு மதிப்புரை எழுதினால் அப்போது உங்கள் நண்பர் சொன்ன வார்த்தை பொருந்தும்.

அப்புறம் கடிகாரம். இந்த மாரத்தான் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது சனிக்கிழமை காலை 8 மணி. தூங்கி எழுந்து, காபியோடு முதல் பக்கத்தைத் திறப்பார்கள். நமக்கு அது மாலை 5.30. சிங்கப்பூரில் இரவு 8. அதாவது காலை 6 மணிக்கு எழுந்து, மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, பகலெல்லாம் அலைந்துவிட்டு அதற்குப் பிறகு நாம் ஆரம்பிக்கிறோம். இது சின்ன விஷயமில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருக்கும் ஒருவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 1997ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 6 மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் முடிவது இரவு 11 மணிக்கு. மாரத்தானில் கால்வாசிகூட ஆகியிருக்காது. அந்த நிலையில் பைக்கை எடுக்கக்கூடாதவர், ஒரு புதுக் கவிஞரின் முதல் தொகுப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லலாமா?

அதனால் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் என்ன சொன்னாலும் சரி, இரண்டு மூன்று மணி நேரம் படுத்துவிடுங்கள்.

நான் படிக்கும்போது பென்சிலால் கோடு போடுவேன். மாரத்தான் அன்று கோட்டின் பக்கத்தில் மணியையும் குறித்துவைப்பேன். பிறகு எடுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முன்னிரவுக் கோடுகள் ஒரு சொல்லுக்கு, ஒரு வாக்கியத்துக்கு அடியில் நேராக இருக்கும். விடிகாலை 3 மணிக் கோடுகள் பத்தியின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, பக்கத்தில் 'ஆகா!' என்றிருக்கும். எதற்கு ஆகா என்று பகலில் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. இன்னொரு இடத்தில் 'மந்தமாகப் போகிறது' என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தால் கதை அதன் வேகத்தில்தான் போயிருக்கிறது, மந்தம் என்னுடையது. மணி குறிக்காத புத்தகத்தில் இந்த இரண்டையும் பிரிக்க வழியே கிடையாது. இதை மட்டுமாவது நீங்கள் கட்டாயம் செய்யுங்கள்.

களைப்பைவிட மோசமானது வரிசை. எந்தப் புத்தகத்துக்குப் பிறகு எதை எடுக்கிறோம் என்பது, எடுத்த புத்தகத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். மூன்று நான்கு மணி நேரம் ஒரு நாவலுக்குள் இருந்தால் கண்ணுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கீழே கீழே இறங்கும். அந்தக் கண்ணோடு கவிதைத் தொகுப்பைத் திறந்தால் பன்னிரண்டு வரியையும் பத்து நொடியில் கடந்து, "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். கவிதையில் இருப்பது இருக்கிறபடியே இருக்கிறது. நாம் நிற்கவில்லை, அவ்வளவுதான். அதேபோல இறுக்கமான மொழிநடை உள்ள ஒரு நூலுக்குப் பிறகு சுமாரான நாவல் ஒன்றைப் படித்தால், அதன் சரளம் பெரிய சாதனையாகத் தெரியும். உங்கள் ஏழு ஆசிரியர்களில் யாருக்கு எந்த இடம் என்பதை நீங்கள் அடுக்கும் அடுக்குதான் தீர்மானிக்கப் போகிறது. பாவம், அவர்களுக்கு அது தெரியாது.

சரி, அப்படியென்றால் மதிப்புரை எழுதுகிறவருக்கு இந்த நாள் வீண்தானா? இல்லை. வேறெந்த நாளிலும் செய்ய முடியாத ஒரு காரியத்தை இதில் செய்யலாம். ஒரே எழுத்தாளரை முழுசாக வாசிக்கலாம்.

நான் ஒரு மாரத்தானுக்கு மௌனியை எடுத்துக்கொண்டேன். அவர் எழுதியது மொத்தம் 24 கதைகள்தான். 24 மணி நேரத்துக்கு 24 கதை என்ற விளையாட்டுக்கும் சரியாக வந்தது. புதுமைப்பித்தன் இவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். அதைக் கேட்டே பாதிப் பேர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். தனித்தனியாக, எப்போதாவது ஒரு கதை என்று படித்தபோதெல்லாம் எனக்கு ஒரு மயக்கம்தான் மிஞ்சியிருந்தது. 'அழியாச்சுடர்' கதையில் கோவில் தூணில் இருக்கும் யாளி சட்டென்று உயிர்கொண்டதுபோலத் தோன்றும் இடம் உண்டு. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தவள் நான். தொடர்ந்து படித்த அன்றைக்கு மூடவில்லை, அடுத்த கதைக்குப் போனேன். அடுத்த கதையிலும் அந்தி. அதற்கடுத்ததிலும் ஆளில்லாத தெரு, பெயர் சொல்லப்படாத ஓர் 'அவன்', எங்கோ ஒரு சாவின் நிழல். ஏழெட்டுக் கதை தாண்டியதும் மயக்கம் விலகி, கை வேலை தெரிய ஆரம்பித்தது. வெளிச்சத்தை எப்படிப் படிப்படியாகக் குறைக்கிறார், எந்த இடத்தில் ஒரு ஓசையைக் கொண்டுவருகிறார், பேச்சை எவ்வளவு தள்ளிப்போடுகிறார் என்பதெல்லாம். திரும்பி யாளியிடம் போய்ப் பார்த்தேன். அதற்குச் சில பத்திகள் முன்பிருந்தே நம்மை அதற்குத் தயார்செய்துகொண்டு வந்திருக்கிறார். தனியாகப் படிக்கும்போது இதை நான் ஒருபோதும் கவனித்திருக்க மாட்டேன்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கதைகள் முப்பதுகளின் நடுவில் தொடங்கி, வருடக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டு எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் 'மணிக்கொடி' இதழில் ஒரு கதையைப் படித்தவர் மறுநிமிடமே அடுத்த கதையைப் படிக்கவில்லை. எனக்கு அன்று பின்னிரவில் வந்த 'திரும்பத் திரும்ப இதுதானா?' என்ற சலிப்பை உண்டாக்கியது மௌனி அல்ல, என் வாசிப்பு முறை. உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளுக்கும் இது பொருந்தும். தமிழில் தொகுப்பு என்றால் பெரும்பாலும் பல இதழ்களில் பல வருடங்களில் வந்த கதைகளைச் சேர்த்துக் கட்டியதுதான். எது எப்போது எதில் வந்தது என்ற பட்டியலைப் பல பதிப்பகங்கள் போடுவதே இல்லை. (இதைப் பற்றித் தனியாக ஒரு புலம்பல் எழுத வேண்டும்.) பதினைந்து கதையையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு "கதைகள் ஒரே மாதிரி இருக்கின்றன" என்று எழுதும் மதிப்புரைகளை நிறையப் பார்க்கிறேன். எழுதுவதற்கு முன்னால், நடுவிலிருக்கும் ஒரு கதையை வேறொரு நாள் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே தோன்றினால் தாராளமாக எழுதலாம்.

ஆகவே என் யோசனை: ஏழில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அந்தச் சிறுகதைக்காரர்களில் ஒருவராக இருந்தால் நல்லது. அவருடைய முந்தைய புத்தகங்களை உங்கள் ஊர் மைய நூலகத்திலோ நண்பர்களிடமோ இப்போதே தேடிப் பிடித்துவிடுங்கள். முதல் தொகுப்பில் ஆரம்பித்து, புதியதில் வந்து முடியுங்கள். 500 பக்கத்துக்குள் அடங்குமென்றால் ஒரு நாளுக்கு மிகச் சரி. நம் மதிப்புரைகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்கதையே தெரிவதில்லை. "இவர் இதற்கு முன் என்ன செய்தார், இப்போது எங்கே வந்திருக்கிறார்" என்று எழுத ஆளில்லை. ஒரே நாள் வாசிப்பில் அது உங்கள் கைக்கு வந்துவிடும்.

மிச்சம் ஆறு? ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் மதிப்புரையாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகை ஆசிரியர் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து புத்தகங்களை ஒரே கட்டாக அனுப்பியிருப்பார். கெடு நெருங்கும்வரை அதைப் பிரிக்காமல் வைத்திருந்துவிட்டு, கடைசி ராத்திரி உட்கார்ந்து எழுதும் ஓர் அப்பாவியைப் பற்றியது. நீங்கள் போட்டிருக்கும் திட்டம் அதேதான், மாரத்தான் என்று பெயர் மட்டும் கூடுதல். அவர் சொன்ன பரிகாரம், பெரும்பாலான புத்தகங்களை விட்டுவிட்டு, முக்கியமாகப் படும் சிலவற்றுக்கு மட்டும் நீளமாக எழுதுவது. 1,000 சொல்லாவது வேண்டும் என்றார். நம் சிற்றிதழ் ஆசிரியர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஆனாலும் ஆறில் இரண்டு மூன்றையாவது "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கட்டுரை நூலை மாரத்தானில் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள். அதில் மேற்கோளையும் வருடத்தையும் சரிபார்க்க அலுவலகத் தெளிவு வேண்டும்.

மற்றவை சில்லறை விஷயங்கள். முறுக்கு, மிக்சர் வேண்டாம். எண்ணெய் விரல் பட்டால் தாளில் கண்ணாடி மாதிரி கறை விழும், அதுவும் மதிப்புரைப் பிரதியில். பொட்டுக்கடலை, பேரீச்சை நல்லது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 நொடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். எதிர்வீட்டு மாடித் தொட்டி போதும். பின்னிரவு 2 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். அந்த நான்கு மணி நேரத்தில் நீங்கள் எப்படியும் படித்த பக்கத்தையே திரும்பப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு மாலை 5.30க்கு முடிந்ததும் எழுத உட்காராதீர்கள். குறிப்புகளை மட்டும் ஒரே தாளில் எடுத்தெழுதிவிட்டுத் தூங்குங்கள். புதன் அல்லது வியாழன் அன்று புத்தகத்தைத் திறக்காமல், நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, இரவு 11 மணிக்கு மேல் குறித்த இடங்களை மட்டும் மறுபடி படித்துத் திருத்துங்கள். இதழ் ஆசிரியர் திங்கட்கிழமையே கேட்டு போன் செய்தால், ஊரில் கரண்ட் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா